குஞ்சு பொரிக்கும் பெட்டியை மேலாளர் அலுவலகத்தில் வைத்தது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருக்கிறபடி சரியானவை. வயது எழுபத்து நான்கு. பள்ளிக்கூடம் போனது கொஞ்சம், நானாகப் படித்துக்கொண்டது மிச்சம். குழாய் வேலை செய்து வந்தேன், இப்போது செய்வதில்லை. மேற்படி முகவரியில் எனக்குச் சொந்தமான கட்டடத்தில் மாடியில் நான் இருக்கிறேன். மற்றப் பகுதிகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் மீது புகார் கொடுத்திருப்பவர் அந்தக் கட்டடத்தின் வாடகையையும் பில்களையும் கவனிக்கும் மேலாளர். அவரை வேலைக்கு வைத்தது நான் அல்ல, வெளியூரில் இருக்கும் என் மகள். "அப்பா, பில்லைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிற வயசா உங்களுக்கு?" என்று கேட்டாள். வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்குமா என்று கேட்கவில்லை.

அதன் பிறகு குடியிருப்பவர்கள் வாடகையோடு மின்கட்டணத்தையும் மேலாளரிடமே கொடுத்து வந்தார்கள். மின் அலுவலகத்தில் பதிவாகியிருந்த என் கைபேசி எண்ணை எடுத்துவிட்டு மேலாளர் தன் எண்ணைப் பதிந்துகொண்டார். அன்று முதல் என் கட்டடத்துக்கு என்ன பில் வந்தது, எப்போது வந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. கேட்டால், "வந்திருக்கும் சார்" என்பார். "கட்டியாச்சா?" என்றால், "கட்டிடுவோம் சார்" என்பார். கட்டிய ரசீதை ஒரு நாளும் காட்டியதில்லை. இவையெல்லாம் பதில்களா என்று இதை எழுதிக்கொள்ளும் காவல் ஆய்வாளரைக் கேட்டேன். நடந்ததை மட்டும் சொல்லும்படி ஆய்வாளர் சொன்னார். இதுவும் நடந்ததுதான்.

மேலாளர் பல கட்டடங்களைக் கவனிக்கிறார். எல்லாக் கட்டடங்களின் பில்களையும் சேர்த்து வைத்து, மாதத்தில் இரண்டாவது வியாழக்கிழமை ஒரே மூச்சில் கட்டுவது அவர் பழக்கம். அதற்குப் பில் நாள் என்று பெயர் வைத்து, அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியும் இருக்கிறார். இந்த மாதம் எங்கள் கட்டடத்துக்குக் கடைசித் தேதி திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டது. மின் அலுவலகத்துக்காரர்களுக்கு மேலாளரின் பில் நாள் தெரியாததால் செவ்வாய்க்கிழமை காலை வந்து எல்லாப் பகுதிகளின் ஃபியூஸையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

சற்று நேரத்தில் கீழ்ப் பகுதியில் குடியிருக்கும் கோழிக்காரம்மா மேலே ஓடி வந்தார். அவர் முட்டைகளை மின்சாரப் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரித்து விற்பவர். கணவர் இல்லை. போன தடவை வைத்த முட்டைகள் மட்டமானவையாக இருந்ததால் ஒன்றுகூடத் தேறவில்லை. இந்தத் தடவை வைத்தவை அன்றோ மறுநாளோ பொரியும் நிலையில் இருந்தன. "பெரியப்பா, பெட்டி ஆறிக்கிட்டே வருது. இதுவும் போச்சுன்னா நான் பொட்டலம் கட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அண்ணி மூஞ்சியில முழிக்கிறதுக்கு நானே பெட்டிக்குள்ள படுத்துக்கலாம்" என்றார். நான் என் கம்பளியைக் கொடுத்துப் பெட்டியைப் போர்த்தச் சொல்லிவிட்டு, மின் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, எல்லாப் பகுதிக்கும் உரிய பணத்தைக் கட்டினேன். அதன் பிறகு இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொன்னபோது, பதிவான கைபேசிக்கு ஒரு ரகசிய எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். கட்டடம் என்னுடையது, பணம் என்னுடையது, எண் மட்டும் மேலாளருடையது.

அதன் பிறகு மேலாளரை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. நேரில் அவர் அலுவலகத்துக்குப் போனேன். அது எங்கள் தெருமுனையிலேயே உள்ளது. மேலாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். பணம் கட்டியதைச் சொல்லி எண்ணைக் கேட்டேன். "சார், பில், எண் எல்லாம் பில் நாள்லதான் பார்ப்பேன். ஒருத்தருக்காக அதை மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. ரெண்டே நாள், பொறுமையா இருங்க" என்றார். "நான் இருப்பேன் தம்பி, முட்டை இருக்காது" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னது உண்மை. அங்கே ஏன் வைக்கவில்லை என்று ஆய்வாளர் கேட்கிறார். குடியிருப்பவர்களிடம் மின்கட்டணம் வாங்கியவர் மேலாளர். அதனால் மின்சாரம் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். கோழிக்காரம்மாவும், "கரண்ட் எங்க இருந்தா என்ன, நடங்க பெரியப்பா" என்று சொல்லவே, நானும் அவரும் பெட்டியைக் கம்பளியோடு ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குலுங்காமல் நடந்து போய், மேலாளர் அலுவலகத்தில் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே பெட்டியைச் செருகினோம். பிடுங்கியது நான். அதன் பிறகு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. புகாரில் கண்ட இவ்வளவும் சரி. நான் கத்தியதாக எழுதியிருப்பது சரியல்ல. என் குரலே அப்படி.

மேலாளர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். இரண்டு காவலர்கள் வந்தார்கள். அவர்களில் மீசைக்காரர் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு என்னை விசாரிப்பதை மறந்து அங்கேயே குந்திவிட்டார். மேலாளர் தன் கணக்குப் பெண்ணிடம் பிளக்கைப் பிடுங்கும்படி சொன்னார். அந்தப் பெண் குனிந்தவள் உள்ளேயிருந்து சத்தம் வருவதைக் கேட்டு நிமிர்ந்து, "பாவம் சார், என்னால முடியாது. நீங்களே பிடுங்குங்க" என்றாள். மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். அப்போது முதல் முட்டை கீறல் விட்டு, உள்ளிருந்த குஞ்சு ஓட்டுக்கு வெளியே மூக்கை நீட்டியது. மேலாளர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவராகவே கைபேசியை எடுத்து மின் அலுவலகத்தை அழைத்து ரகசிய எண்ணைச் சொன்னார். மின்சாரம் வந்துவிட்டதாகக் குடியிருப்பவர்களிடமிருந்து தகவல் வந்ததும், இனி ஒரு நிமிடம்கூட அங்கே இருக்க எனக்கு விருப்பமில்லாததால் பெட்டியைத் தூக்கப் போனேன். மேலாளர் பிளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்ப தூக்காதீங்க சார், பாதியில நிக்குது!" என்றார். நான் தூக்குவேன் என்றேன். கோழிக்காரம்மா, "பெரியப்பா, ரோஷத்தை வீட்டுல போய் வச்சுக்குங்க, இப்ப உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மாலைக்குள் இரண்டு முட்டைகள் தவிர மற்றதெல்லாம் பொரிந்துவிட்டன. குஞ்சுகள் நல்ல நிலையில் உள்ளன. அண்ணன் வீட்டுக்குப் போகும் பேச்சைக் கோழிக்காரம்மா எடுக்கவில்லை.

மேலாளர் புகாரைத் திரும்பப் பெறுவதாக ஆய்வாளரிடம் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கொடுத்த புகாருக்கு என் தரப்பு எழுதப்பட வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த வாக்குமூலம் எழுதப்படுகிறது. மேலாளரிடம் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். பில் வந்த அன்றே எனக்குத் தெரிய வேண்டும், அந்தந்தப் பில்லை அதனதன் தேதிக்குள் கட்டி ரசீதைக் கண்ணில் காட்ட வேண்டும், என் கட்டடத்துக்கு மின் அலுவலகத்தில் என் கைபேசி எண்ணே பதிவாகியிருக்க வேண்டும். அவர் கட்டட்டும், எனக்குத் தெரிந்து கட்டட்டும். மேலாளர் இதற்கு ஒப்புக்கொண்டு, எண்ணை மாற்றும் மனுவில் இங்கேயே கையெழுத்திட்டார். சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டதாகக் கணக்குப் பெண் சொன்னாள், நான் பார்க்கவில்லை.

இதில் எழுதியிருப்பதை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானே கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது. கடைசியில் "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அடித்துவிட்டு, அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
கட்டட உரிமையாளர்