தேய்ந்த விரலும் வருகைப் பதிவும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சையும் தாங்கப்போகிற எங்கள் முதல்வர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் துறைத் தலைவர்களே! பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கவலையைக் கைப்பையோடு சேர்த்து மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக் காற்று எட்டாத ஓரத்தில் நிற்கும் தந்தையரே! பள்ளியை முடித்துவிட்டு இன்னும் எதையும் தொடங்காத இளையோரே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்தக் கல்லூரியின் பட்டறைப் பயிற்சி ஆசிரியன். எனக்குத் தந்த தலைப்பு, 'நமது இளநிலைப் பட்டப்படிப்புகளும் விதிமுறைகளும்'. எனக்கு முன் பேசியவர்கள் படிப்புகளை எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது விதிமுறை.

கைதட்ட வேண்டாம். விதிமுறைக்கு யாரும் கைதட்டுவதில்லை.

இயந்திரவியல் உண்டு. மின்னியல் உண்டு. கட்டடவியல் உண்டு. கணினியியல் உண்டு. முதலாண்டில் நன்றாகப் படித்தால் துறை மாறவும் வழி உண்டு. ஆனால் எந்தத் துறைக்கு வந்தாலும் முதலாண்டில் என் பட்டறைக்கு வந்தே ஆக வேண்டும். கணினி கற்க வந்தவரும் இரும்பைத் தேய்த்தே ஆக வேண்டும்.

என்ன வேலை? இரண்டு இரும்புத் துண்டுகள். அரத்தால் ராவி ராவி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தச் செய்ய வேண்டும். பொருத்தியதும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பேன். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண் சொல்லாது. விரல்தான் சொல்லும். இரும்புத்தூளோடு விரலைத் தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு பெண் வந்தாள். கணினித் துறை. வந்த முதல் வாரமே கேட்டாள்.

"சார், கம்ப்யூட்டர்ல எங்க சார் ராவப் போறேன்?"

"தெரியலம்மா. ராவு."

ராவினாள். மற்றவர்கள் மணி அடித்ததும் ஓடுவார்கள். அவள் ஓடமாட்டாள். தோழிகள் அவளுக்கு 'அரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் துண்டைச் சன்னலில் பிடித்தேன். வெளிச்சம் தெரியவில்லை. திருப்பிப் பிடித்தேன். தெரியவில்லை. சோர்ந்த வாழ்க்கையில் எனக்கும் ஒரு நல்ல நாள் வந்தது.

இனி விதிமுறை.

எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. நல்ல விதி. வருகையை எடுக்க வாசலில் ஓர் இயந்திரம் வைத்தோம். விரலை வைத்தால் வந்ததாகப் பதியும். அதுவும் நல்ல விதி. இயந்திரம் வந்த பிறகு ஆசிரியர் பெயர் கூப்பிட வேண்டாம் என்றோம். அதுவும் நல்லதுதான், என் தொண்டைக்கு.

மூன்று நல்ல விதிகள். ஒன்றோடொன்று பொருத்திச் சன்னலில் பிடித்துப் பார்த்தீர்களா? யாராவது பார்த்தோமா?

விரல் ரேகை தேயத் தேய ராவச் சொன்னதும் இந்தக் கல்லூரிதான். விரல் ரேகையைக் காட்டச் சொன்னதும் இந்தக் கல்லூரிதான். அவள் தினமும் விரலை வைத்தாள். 'மீண்டும் முயலவும்' என்றது இயந்திரம். துடைத்து வைத்தாள். மீண்டும் முயலவும். வேறு விரலை வைத்தாள். மீண்டும் முயலவும். பின்னால் வரிசை கத்தும். "ஏய் அரம், நகருடி! எங்க விரலாவது பதியட்டும்!" அவள் நகர்ந்து உள்ளே வருவாள். வகுப்பில் அமர்வாள். ஊரெல்லாம் பார்க்க அமர்ந்திருப்பாள். கணக்கில் மட்டும் இருக்கமாட்டாள்.

அரத்தைத் தொட்டும் தொடாமலும் பொழுதைப் போக்கியவர்களின் விரல்கள் பளபளவென்று இருக்கின்றன. அவர்களுக்கு முழு வருகை.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

நாளை மறுநாள் பருவத்தேர்வு. அவளுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. இந்த ஆண்டு போனால் அடுத்த ஆண்டு இதே முதலாண்டு, இதே அரம், இதே இயந்திரம். அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் கெட்டவர் இல்லை. வழி சொன்னார்.

"காய்ச்சல்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாம்மா. மருத்துவ விடுப்புல சேர்த்துடலாம். ரூல்ல இடம் இருக்கு."

"எனக்குக் காய்ச்சலே வரலையே சார். நான் கிளாஸ்லதான இருந்தேன்."

"இருந்தேன்னு சொன்னா ரூல்ல இடம் இல்லம்மா."

"அவ இருந்தா சார். நான் பார்த்தேன்" என்றேன்.

"சார், நீங்க பார்த்ததுக்கும் இடம் இல்ல."

வராதவருக்கு வழி இருக்கிறது. வந்தவருக்கு இல்லை. பொய்க்கு ஒரு சன்னல் திறக்கிறது, மெய்க்கு ஒரு கதவும் திறக்கவில்லை.

அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆளு உள்ள உக்காந்திருக்கு. மெஷின் ஆளே இல்லைங்குது. என் வண்டில நான் அப்படிச் சொன்னா சும்மா விடுவாங்களா சார்?"

அவர் பணிக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே பேசுகிறேன். "சொல்லுங்க சார். அழுவுற மாதிரி மட்டும் சொல்லாதீங்க" என்றாள். ஆகவே அழவில்லை. எனக்கு அழவும் தெம்பில்லை. ஆறு மேசைகள் ஏறி இறங்கிவிட்டேன். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. கடைசியில் இந்த மேடையைக் காட்டியிருக்கிறார்கள்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்புங்கள். நல்ல கல்லூரி. மெய்யாகவே சொல்கிறேன். ஆனால் அனுப்பும் முன் கேளுங்கள். எங்கள் பிள்ளை உழைத்தால் உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். எங்கள் பிள்ளை வந்தால் உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். கையைக் கொண்டு கற்பிக்கும் இடம் கையைக் கண்டு அஞ்சலாமா? உழைத்த விரலை உதறலாமா?

பேச்சைச் சுருக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. சுருக்குகிறேன்.

காலையிலிருந்து இந்த அரங்கில் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே ஒரு பெண், நீல உடை, கதவோரம். முதல்வர் ஐயா, உங்கள் முன்னால் பாதி குடித்து வைத்திருக்கும் தம்ளரும் அவள் தந்ததுதான். இயந்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். இன்றும் அவள் கல்லூரிக்கு வரவில்லை.

பெயர் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்தியிருக்கிறோம். இன்று ஒரு முறை மட்டும் கூப்பிட அனுமதியுங்கள். அப்புறம் என்னை எந்த மேசைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

அரம்!

...

மெதுவாகச் சொல்கிறாள். தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொல்லம்மா.

"உள்ளேன் ஐயா."

கேட்டதா? எல்லோருக்கும் கேட்டதா? முதல்வர் ஐயா, உங்களுக்கு?

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கைப்பையோடு அமர்ந்திருந்த தாய்மார்க்கும், தண்ணீர் தந்த அந்தக் கைக்கும் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். முதல்வர் ஐயா பதில் சொல்லும்வரை நான் மட்டும் இந்த மேடையிலேயே நிற்கிறேன். வணக்கம்.