ஆறு மணிக்கு மேல் தகரம்

மாலை ஆறு மணிக்கு நான் தேநீர் குடிப்பது வழக்கம். கப்பல் வந்திருந்தால் சர்க்கரை போட்டு. வராவிட்டால் வெல்லம்.

எங்கள் கரை நகர எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே ஆறு மணிக்கு மேல் மேளம், தகரம், ஒலிபெருக்கி எதுவும் கூடாது. கடல்நீர் உள்ளே வரும் கழிக்கு அந்தப் பக்கம் கிராமம். அங்கே ஒன்பது மணி வரை எதை வேண்டுமானாலும் தட்டலாம். வயலில் இறங்கும் மான்களை விரட்ட அவர்கள் தகரம் தட்டுவார்கள். அந்தச் சத்தம் யாரிடமும் அனுமதி கேட்காமல் இக்கரைக்கு வரும். அதன்மேல் புகார் கொடுக்க முடியாது. புகார் வாங்கும் நகராட்சி அலுவலகத்தில்தான் நான் குமாஸ்தா. எனக்குத் தெரியும்.

விதி மெயின்லேண்டில் எழுதப்பட்டுக் கப்பலில் வந்தது. அங்கே ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்கும். கிழக்கே தள்ளியிருக்கும் இந்தத் தீவில் அதற்குள் இருட்டிவிடும். அது விதியின் குற்றமல்ல, இன்ஸ்பெக்டர். சூரியன்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு மரமில்லில் வேலை செய்தான். வேலை விட்டதும் டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போவான். மழையில் கரை மறைந்துவிட்டால் அவன் மனைவி நீலாவதி துறையில் நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டுவாள். சத்தம் வரும் திசையில் அவன் துடுப்பு போடுவான். இங்கே எல்லா வீட்டிலும் அதுதான் பழக்கம். எங்கள் பக்கம் மணல். அக்கரையில் பாறை. இரண்டு தகரம் கேட்டால் நம்முடையது எது என்று பிரித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் கேட்டால் அதுதான் வீடு.

விதி வந்ததும் வீடு வீடாகப் போய் எச்சரித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நீலாவதி மட்டும் துறையில் பத்துப் பேர் முன்னால் சொன்னாள்.

"அப்படியே இந்த மழைக்கும் ஒரு நோட்டீஸ் குடுத்துருங்க சார். அதுவும் ஆறு மணிக்கு மேல கூரையில சத்தம் போடுது."

துறையே சிரித்தது. அலி அக்பர் கடையில் ஒரு வாரம் என்னை 'மழை நோட்டீஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் கோபப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் ஒரு நாள் பெரிய மழை. அவள் தகரத்தோடு துறைக்கு ஓடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தேநீரை முடித்தேன். குடை பிடித்துக்கொண்டு போய் அவள் கையிலிருந்து தகரத்தை வாங்கினேன். பிடுங்கவில்லை.

"குடுங்க சார். அவரு இன்னும் வரல."

விதி எல்லாருக்கும் பொது என்றேன். அவள் வேறு தகரம் கேட்டு வீடு வீடாக ஓடினாள். யாரும் கொடுக்கவில்லை. என் எச்சரிக்கை அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. பிறகு துறைக்குத் திரும்பி அவன் பெயரைச் சொல்லிக் கூவினாள். மனிதக் குரலுக்கு விதியில் தடை இல்லை. நானும் தடுக்கவில்லை. மழையில் அது நாலு ஆள் நீளம்கூடப் போகாது.

அக்கரைத் தகரம் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. காற்று அங்கிருந்துதான் வீசியது. அவளிடம் கை நீட்டுவதற்கு முன் சற்று நின்று, கேட்கிறதா என்று உறுதிசெய்துகொண்டேன். அவனுக்கும் அது மட்டும்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அக்கரையில் நேரம் மிச்சம் இருந்தது. அவர்கள் செய்தது முழுக்கச் சட்டப்படி.

காலையில் டிங்கியின் ஒரு பக்கம் அக்கரைப் பாறையில் கிடந்தது. அவனை மத்தியானம் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் நீலாவதி தகரத்தைத் திரும்ப வாங்க வந்தாள். பகல் நேரம். கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை. கொடுத்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வாசலிலேயே நின்றாள்.

"மழைக்கு நோட்டீஸ்னு நான் அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா, தகரத்தைக் குடுத்திருப்பீங்களா சார்?"