நானூறு டவுன்லோடு

காரைக்குடியில் மத்தியான நேரம்தான் நெட் லைன் சீக்கிரம் கிடைக்கும், சார். ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். டவுன்லோடு கணக்கை நான் அப்போதுதான் பார்ப்பேன்.

பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதிய பேக்கேஜ் அது, சின்ன புரோகிராம். அடுத்த வருடம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பும் என்று உலகமே பயந்துகொண்டிருக்கிறது, இல்லையா? பிறந்த வருடத்தை இரண்டு இலக்கத்தில் கொடுத்தால் போதும், என் பேக்கேஜ் அதை முழு வருடமாக்கி வயதைச் சொல்லும். நெட்டில் இலவசமாகப் போட்டேன். நானூறு டவுன்லோடு. இருபத்திரண்டு வயதில் இந்த ஜில்லாவில் வேறு யாருக்கு சார் அது வாய்த்தது?

என்னோடு சேர்ந்து கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற சத்தியப்பிரியாதான் குறையைக் கண்டுபிடித்தாள். ஐம்பதுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் இரண்டாயிரத்தோடு சேர்த்துவிடுகிறது. 28 என்றால் 2028. வயது மைனஸ் 29. மைனஸ் அசிங்கமாக இருக்கிறதென்று அதையும் நான் நீக்கி, வெறும் 29 என்று காட்ட வைத்திருந்தேன்.

"கெழவனெல்லாம் கொமரனாயிருவாக, டோனி. மொதல்ல அதை நெட்ல இருந்து தூக்கு."

"நானூறு பேரு எறக்கிருக்கான். ஒருத்தனாச்சும் குத்தஞ் சொன்னானா?"

"எறக்குனவனெல்லாம் ஓட்டிப் பாத்தான்னு ஒனக்கு யாருடா சொன்னா?"

அவள் சொன்னது சரிதான். நானூறில் முக்கால்வாசி, தானாகப் பிரதி எடுத்துவைக்கும் மெஷின்கள். மிச்சம் நானே இறக்கியது. நிஜ ஆள் ஒன்றுதான், தேவகோட்டையில் ஒரு நர்சிங் ஹோம். வயதுக்குத் தக்க மருந்து அளவு போட உதவுகிறது என்று நன்றி மெயில் அனுப்பியிருந்தார்கள். தூக்கினால் அந்த ஒருவரும் போய்விடுவார். தூக்கவில்லை.

அடுத்த வாரம் சத்தியப்பிரியா பையோடு வந்து நின்றாள்.

"அப்பாவ தேவகோட்டை நர்சிங் ஹோம்ல சேத்திருக்கு. ரெண்டு நாளு சென்டர நீ பாத்துக்க."

"எந்த வருசம் பொறந்தாக?"

"இருபத்தெட்டு. எதுக்கு?"

"சும்மாதான். நல்ல எடம். எல்லாம் கம்ப்யூட்டர்ல பாக்குறாக."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

ஒரு போன் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டு என்ன சொல்வது? என் பேக்கேஜை நம்பாதீர்கள் என்றா?

அவள் அப்பா, எழுபத்தொரு வயது சேவுகப்பெருமாள் ஐயாவுக்கு இருபத்தொன்பது வயதுக்காரருக்கான அளவில் மருந்து ஏறியது. இருதயம் தாங்கவில்லை.

காரியம் முடிந்து சென்டருக்கு வந்தாள். தன் மெஷினில் என் பேக்கேஜை இறக்கினாள். 28 என்று அடித்தாள். திரையில் 29 என்று வந்தது.

"ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். நீங்கள் வந்து என்னைக் கூப்பிடும்வரை நான் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜ ஆள் இப்போது இரண்டு. உபயோகமில்லாத சாமானை யாராவது இறக்குவார்களா, சார்?