வலி நின்ற கால்

இரவு ஒன்றரை மணி. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் எலும்பு ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் டாக்டர்கள் தங்கும் விடுதி. நடுவில் ஒரு வண்டி இல்லை... ஒரு நாய்கூட இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லும் கதை இல்லை இது. நம் போட்டோக்காரருடைய சித்தி மகளுக்கு நடந்தது. போட்டோக்காரர் இங்கேதான் இருக்கிறார், நான் சொல்வது பொய் என்றால் மறுத்துச் சொல்லட்டும்.

அவள் எலும்பு டாக்டர். ஆள் குள்ளம், ஆபரேஷன் மேஜை பக்கத்தில் பலகை போட்டு ஏறித்தான் நிற்பாள். அதனால் பெயரே குட்டி டாக்டர் ஆகிவிட்டது. படிப்பெல்லாம் முடித்து, விபத்தில் நொறுங்கி வருகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் மேற்பயிற்சிக்காக அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அங்கே பெரிய டாக்டர் வைத்ததுதான் சட்டம். நல்ல கைராசிக்காரர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குப் பிடித்துப்போனால் கத்தியைக் கையில் கொடுப்பார். பிடிக்காவிட்டால் வருஷம் முழுக்க நோயாளியின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் வேன் ஓட்டும் இளைஞன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிருந்தது. கால் வீங்கிக்கொண்டே வந்தது. வீங்குகிற காலுக்குப் பின்பக்கம் மட்டும் பாதிக் கட்டுதான் போட வேண்டும். சுற்றிலும் மாவுக்கட்டு போட்டு மூடிவிட்டால் வீக்கம் போக இடம் இருக்காது, ரத்த ஓட்டம் நின்று கால் உள்ளேயே செத்துப்போகும். இது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் காலையில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது அவர் கண்ணில் பட வேண்டுமே! முழுக்கட்டாகவே போட்டாள். ஈரக்கையால் தடவித் தடவி வழவழவென்று ஆக்கினாள். பார்க்க அத்தனை அழகு.

விடுதிக்கு வந்து படுத்ததும் வார்டிலிருந்து போன்.

"டாக்டர், அந்த வேன் பையன் வலி தாங்கலன்னு கத்துறான். கட்டைக் கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?"

"எலும்பு உடைஞ்சா வலிக்காம இனிக்குமா சிஸ்டர்? ஒரு ஊசி போடுங்க, தூங்கிடுவான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன். மறுபடியும் ஊசி போடச் சொன்னாள். கட்டை வெட்டினால் காலையில் பெரிய டாக்டர் ஏன் வெட்டினாய் என்று கேட்பார், தப்பு வெளியே வந்துவிடும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். தூக்கம் வந்தால்தானே? நெஞ்சு குறுகுறுத்தது. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அப்போதுதான் இந்த ஒன்றரை மணி.

பாதிச் சாலை தாண்டியிருப்பாள். பின்னால் ஒரு சத்தம்.

டொக்... சர்ர்ர்.

நின்றாள். சத்தமும் நின்றது. நடந்தாள். டொக்... சர்ர்ர். கூடவே ஒரு வாசனை வந்தது. ஈர மாவுக்கட்டின் வாசனை, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. திரும்பிப் பார்த்தாள். வயசான ஒரு மனுஷன். ஒரு காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அதை இழுத்து இழுத்து வருகிறார்.

"கட்டு இறுக்குதும்மா... அவுத்து விட்டுடு தாயி."

வார்டிலிருந்து எழுந்து வந்துவிட்ட நோயாளி என்று நினைத்தாள். இந்த நேரத்தில் யாரைப் போய்த் திட்டுவது? அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, கீழ்த்தளத்தில் இருந்த கட்டுப்போடும் அறைக்குக் கூட்டிப் போனாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. பனி, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மேஜைமேல் உட்கார வைத்து ரம்பத்தை எடுத்தாள். கட்டு வெட்டும் மின்சார ரம்பம் அது. ங்ஙொய்ய்ங்... வெள்ளைத் தூள் பறந்தது. குனிந்த தலை நிமிராமல் மேலிருந்து கீழே ஒரே கோடாக வெட்டினாள். விளிம்பில் இடுக்கியைக் கொடுத்து விரித்தாள். கட்டு படீரென்று பிளந்தது.

உள்ளே கால் இல்லை.

பஞ்சு இருந்தது. நசநசவென்று ஈரமாக, வெதுவெதுப்பாக... கால் மட்டும் இல்லை.

"அப்பாடா..."

குரல் மேஜையிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். கதவு ஆடிக்கொண்டிருந்தது. வெளியே மாடிப்படியில் சத்தம். டொக்... டொக்... டொக். ஒற்றைக் காலால் ஒவ்வொரு படியாகத் தாவி ஏறுகிற சத்தம்.

மாடியில்தான் வார்டு. அந்த வேன் பையன் அங்கேதான் படுத்திருக்கிறான். ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கால் வந்தால்தானே! சுவரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

சற்று நேரத்தில் அந்தச் சத்தம் இறங்கி வந்தது. இப்போது தாவல் இல்லை. டப் டப் டப் டப்... வெறுங்கால்கள். இரண்டு கால்கள். குஷியாக, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் மாதிரி வேகமாக இறங்கி, அறைக் கதவைத் தாண்டி, சாலைப் பக்கம் போய்... தேய்ந்து மறைந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. மாடிக்கு ஓடினாள்.

நர்ஸ் வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாள். "இப்பதான், டாக்டர், அமைதியானான். யாருமே வரல, போகல. தானா அடங்கிட்டான்."

வேன்காரன் விழித்துத்தான் இருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வலி சுத்தமா போயிடுச்சு டாக்டர்."

நீங்களும் நானும் இதைக் கேட்டால் நல்ல சேதி என்போம். எலும்பு டாக்டருக்கு அது எமன் வந்து சொல்லும் சேதி. இறுகிய கட்டுக்குள் கத்திக்கொண்டிருந்த கால் திடீரென்று வலிக்கவில்லை என்றால், அது செத்துவிட்டது என்று அர்த்தம். விரல்களைத் தொட்டாள். ஐஸ். கிள்ளினாள். அவனுக்குத் தெரியவே இல்லை. அழுதுகொண்டே ரம்பத்தை எடுத்து அந்த அழகான கட்டை வெட்டினாள். பெரிய டாக்டரைப் போனில் எழுப்பி, "தப்பு பண்ணிட்டேன் சார், உடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பெரிய டாக்டர் வந்தார். திட்டவில்லை. திட்டாததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, அவன் பார்க்காதபடி குறுக்கே துணித்திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவன் விழித்தபடி படுத்திருந்தான். இறுக்கத்தைத் தளர்த்த, பெரிய டாக்டர் காலை நீளவாக்கில் கிழித்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. இன்னும் ஆழமாகப் போனார்.

கிணிங்.

கத்தி எதிலோ பட்டது. உள்ளே கறுத்துப்போன ஒரு பழைய இரும்புத் தகடு. எலும்பே அதன்மேல் வளர்ந்து பாதி மூடியிருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ, யாருக்கோ பொருத்தியது. அந்த எலும்பில் உடைப்பே இல்லை.

பெரிய டாக்டர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சாயங்காலம் எடுத்த எக்ஸ்ரே வெளிச்சத்தில் தொங்கியது. இரண்டாக உடைந்த இளம் எலும்பு. அதில் தகடும் இல்லை, ஓர் ஆணியும் இல்லை.

"யாரோட கால்மா இது?" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேன்காரனின் குரல் வந்தது... நிதானமாக, தூக்கக் கலக்கத்தோடு.

"டாக்டர்... அந்தத் தாத்தா என் காலைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாரா?"