திருக்கை முள்ளின் துண்டு

திருக்கை மீனின் முள் குத்தி வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, நெடுந்தீவு லோஞ்சுப் படகில் எனக்கு எதிரே ஒரு மீனவர் இருந்தார். பக்கத்தில் தாதியின் வெள்ளைச் சீருடையோடு அவருடைய அக்கா.

“திருக்கை குத்தி நாலு நாளாச்சுது. இப்ப காலை வீங்கவைக்கிறது உன்ர உடம்புதான்.”

“என்ர உடம்பு ஏனக்கா எனக்கு எதிரா நிக்குது?”

“எதிரா இல்லையடா. தசைக்குள்ள கிருமி தின்னுற உயிர்க்கலங்கள் காவல் இருக்குதுகள். முள்ளுத் துண்டைக் கண்டிட்டு, மற்றக் கலங்களையும் வரச்சொல்லிக் கத்துதுகள். அதாலதான் வீக்கமும் சூடும். எத்தினைதரம் சொல்லுறது?”

“புகையிலைத் தண்ணி ஊத்தினனான். அடங்கேல்லை.”

“முள்ளு உள்ளுக்க இருக்குமட்டும் அடங்காது. ஆஸ்பத்திரியில கீறித்தான் எடுக்கவேணும்.”

“கீற வேண்டாம். அதுகளும் உங்களைப் போலக் கத்திக் கத்திக் களைச்சுப்போகும்.”



“முள்ளை எடு. அதுகளும் வாயை மூடும், நானும் மூடுறன்.”