அடுப்பங்கரைப் பேய்

— கிளாஸ பெஞ்சில தட்டாதீங்க. இன்னொரு டீ வேணும்னா வாய தொறந்து கேளுங்க.

— பழக்கம், இந்தா. கை தானா தட்டுது. அத வுடு, பைய குடு. நம்ம ஊரு சனம் பாதி இந்த மதகடிப்பட்டுலதான் காய் வாங்குது. பொண்டாட்டி பையோட பஸ்ஸுக்கு நிக்கிறா, புருஷன் டீக்கடையில கெஞ்சிக்கினு கெடக்குறான்னு பண்டசோழநல்லூர் பூரா லைவ் போயிடும். என் யூடியூப் சேனலுக்குக்கூட அவ்ளோ வியூஸ் வராது.

— அத்தகிட்டயும் மாமாகிட்டயும் உங்க தம்பிகிட்டயும் சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். உங்ககிட்டயும் சொன்னேன்.

— எப்ப சொன்ன?

— காலையில. ஹெட்போன் போட்டுக்கினு இருந்தீங்க. தலைய ஆட்டுனீங்க.

— அது எடிட்டிங்ல இருந்தேன்! மியூசிக்குக்கு தலைய ஆட்டுனா, நீ பெங்களூரு போறதுக்கு ஒத்துக்கினேன்னு அர்த்தமா? அங்க இன்னா வேல? யாரு குடுத்தா? இன்னாத்துக்குப் போற? ஒண்ணியும் புரியல.

— என்னை வீட்டுக்குக் கூப்புடத்தான வந்தீங்க?

— பின்ன, டீ குடிக்கவா வந்தேன்? கால்ல வுழணுமா, சொல்லு. இங்கியே வுழறேன். பேண்ட்டு புதுசு, பரவால்ல.

— வேணாம். 'பின்வாசல்'னு ஒரு கேமுக்கு மூணு பாகமா விளக்கம் போட்டீங்க இல்ல? அந்த கதைய எனக்கு சொல்லுங்க. சரியா சொல்லிட்டீங்கன்னா, பஸ்ஸ வுட்டுட்டு உங்க வண்டியில ஏறி வந்துடுறேன்.

— இதுதான் பரீட்சையா? ஏ, இது எனக்கு அல்வா துன்ற மாதிரி! இன்னொரு வாட்டி யோசிச்சிக்கோ, அப்பறம் வார்த்தை மாறக் கூடாது.

— மாற மாட்டேன். பஸ் வர்றதுக்குள்ள சொல்லுங்க.

— கேளு. அதுல சண்ட கெடையாது, துப்பாக்கி கெடையாது. ஒரு வூட்டுக்குள்ள நடந்துக்கினே இருக்கணும். கதைய யாரும் சொல்ல மாட்டாங்க. தட்டு, டப்பா, சுவரு, இதுங்கதான் சொல்லும். கண்ண தொறந்து வெச்சிக்கினு பாக்குறவனுக்குத்தான் வெளங்கும். அந்த கேமோட ரகசியத்த மொதமொதல்ல ஒடச்சது யாரு? இந்த 'தடயம்' சேனலு கலைதான். பத்தாவதுல கணக்குல கோட்டு அடிச்சி பெயிலானவன்தான், ஆனா இதுல நான் டாக்டரு.

— அந்த வீட்டுல நடந்துக்கினே இருக்கறவ யாரு?

— பேய்.

— பேயா?

— செத்துப்போனவ. செத்தது அவளுக்கே தெரியாது. வூட்டையே சுத்திக்கினு கெடக்குறா. எப்படி கண்டுபுடிச்சேன்? வாசல்ல செருப்பு அஞ்சு ஜோடி. ஆனா கழுவப் போட்ட தட்டு நாலு. பேய்க்கு எதுக்கு தட்டு?

— எல்லாரும் துன்னப்பறம், சட்டியில ஒட்டுனத நின்னுக்கினே வழிச்சித் துன்னுருக்கலாம்.

— அய்ய, அவ்ளோ சாதாரணமாவா வெப்பாங்க? அப்பறம் காதுகுத்து போட்டோ ஒண்ணு மாட்டியிருக்குது. மூஞ்சிங்க மங்கல்தான், ஆனா வூட்டு சனம் மொத்தமும் நிக்கிது, அவ மட்டும் இல்ல. பேய் போட்டோவுல வுழாது.

— போட்டோ எடுத்தவளும் போட்டோவுல வுழ மாட்டா.

— நீ எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்ற. சரி, சுவத்துல செவப்பா தெறிச்சிருக்குதே, அது?

— பீட்ரூட்டு.

— ரத்தம்மா அது! நான் ஸ்லோ மோஷன்ல போட்டு, பின்னாடி உடுக்கை சத்தம் வெச்சேன். இது எல்லாத்தையும்விட பெரிய தடயம் இன்னா தெரியுமா? அவ பேசிக்கினே இருக்கா, யாரும் பதிலே சொல்றதில்ல. பேயோட குரல் மனுஷனுக்குக் கேக்காது. அங்க ஒருத்தன் முதுக காட்டிக்கினு ஒக்காந்திருப்பான், காதுல பெருசா ஹெட்போன். அவன்தான் புருஷன். செத்த பொண்டாட்டி குரல் காதுலயே கேக்குதுன்னு தாங்க முடியாம அத மாட்டிக்கினு கெடக்குறான், பாவம். அந்த எடத்துல நான் நெஜமாவே அழுதுட்டேன்.

— பாத்தேன். லைக்கும் போட்டேன்.

— நீ என் வீடியோல்லாம் பாக்குறியா? சொல்லவே இல்ல!

— சொன்னேன். மேல சொல்லுங்க.

— கேமு ஆரம்பத்துல பேரு கேக்கும். நான் என் பேரையே அடிச்சேன். ஆனா அந்த வூட்ல யாரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. ஏன்? பேய் பேர சொன்னா ஒட்டிக்கும். அதனால டொக் டொக் டொக்குன்னு ஒரு டம்ளர் சத்தம் மட்டும் வரும். அது கேட்டா அவ எங்க இருந்தாலும் ஓடி வரணும். மந்திரவாதி பேய ஏவுறது அப்படித்தான்.

— எப்படி வரும் சத்தம்?

— இப்படித்தான். பாரு.

— கையில இன்னா வெச்சிருக்கீங்க?

— டீ கிளாஸு.

— நான் ஆரம்பத்துல இன்னா சொன்னேன்?

— தட்டாதீங்கன்னு… பழக்கம்னு சொன்னேன்… இந்தா. அந்த கேமு யாரு செஞ்சது?

— படம் பூரா நான் வரைஞ்சேன். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் ஃப்ரெண்டு ஹப்சா. அதோ தெரியுதே, அவங்க அண்ணன் ரபீக்கோட ஜெராக்ஸ் கடை, அதுக்கு மாடியில. அத பாத்துட்டுத்தான் பெங்களூருல ரெண்டு பேருக்கும் வேல குடுத்திருக்காங்க. அவ முன்னாடியே போயிட்டா.

— நீ தையல் கிளாஸுக்கில்ல போயிக்கினு இருந்த?

— ரெண்டு வருஷம். ஒரு ஜாக்கெட்டாவது தெச்சேனா?

— இல்ல… நீ மக்குன்னு நெனச்சிக்கினேன்.

— தெரியும்.

— அப்ப அந்த வூடு?

— நம்ம வீடு.

— சும்மா சொல்லாத. நான் பொறந்து வளந்த வூடு, எனக்குத் தெரியாதா? ராப்பகலா அதுல சுத்துனேன். ஒரு செவுரு வுடல.

— கேம் எங்க ஆரம்பிக்குது?

— பின்வாசல்ல. அடுப்பங்கரை, பாத்திரம் கழுவுற எடம், தொழுவம். கூடத்துக்குள்ள வுடாது. படியிலருந்து எட்டிப் பாத்தா வாசல் செருப்பு, சுவத்து போட்டோ, ஒக்காந்திருக்கறவங்க முதுகு, அவ்ளோதான் தெரியும்.

— நம்ம வீட்டு அடுப்பங்கரைக்குள்ள கடைசியா எப்ப வந்தீங்க?

— கல்யாணத்துக்கு முன்ன… பல்பு மாட்ட வந்தேன்.

— மூலை ஒடஞ்ச மேடைக்கல்லு, ஜன்னலுக்கு அந்தாண்ட கரும்பு, ஒண்ணையும் மாத்தாம வரைஞ்சேன். நான் பேசுனாத்தான் கேக்க மாட்டேங்குறாரு, கேம்ல வெச்சா கண்டுபுடிச்சிடுவாருன்னு நம்புனேன். லிங்க்க ரபீக் அண்ணன விட்டு உங்களுக்கு அனுப்ப சொன்னதே நான்தான். நீங்க அந்த ஒடஞ்ச கல்ல பெருசு பண்ணி, "நரபலி குடுத்த எடம்"னு வட்டம் போட்டீங்க.

— அந்த ஹெட்போன் ஆளு மூஞ்சிய நீ காட்டவே இல்லியே. காட்டியிருந்தா…

— அவரு என் பக்கம் திரும்புனாத்தான காட்டுறதுக்கு?

— …அய்யோ. நான் எனக்காகவே அழுதிருக்கேன். அதையும் லட்சம் பேரு பாத்திருக்காங்க.

— "அண்ணா, அந்த புருஷன் எவ்ளோ பாவம்"னு கமெண்ட்டு வேற.

— சரி பண்ணிடுறேன், இந்தா. நாலாவது பாகம் போடுறேன். "நான் ஒரு கேன"ன்னு தலைப்பு. தம்ப்நெயில் படத்துல என் மூஞ்சிக்குக் கழுத காது வெக்கிறேன். நீ பக்கத்துல ஒக்காரு. கேமு செஞ்ச பொண்ணே நேர்ல வந்தா, பத்து லட்சம் வியூஸ் சும்மா பிச்சிக்கினு போவும்!

— பஸ் வருது. பைய வுடுங்க.

— இல்ல, இல்ல! வாய் தவறிடுச்சி. நாசமா போவட்டும் சேனலு. அந்த ஹெட்போன இன்னிக்கே அடுப்புல போட்டு எரிக்கிறேன்.

— கேஸ் அடுப்புங்க அது. எரியாது, உருகி ஒழுவும். அத சுரண்டித் தொடைக்கிறதும் நானாத்தான் இருப்பேன்.

— நானே தொடைக்கிறேன். தட்டு கழுவுறேன். அஞ்சாவது தட்டு வாங்கியாறேன். நான் கெட்டவன் இல்ல, உனக்கே தெரியும். உன்ன ஒரு வாட்டியாவது கை நீட்டி அடிச்சிருப்பனா?

— இல்ல. கெட்டவரா இருந்திருந்தா மொத வருஷமே கெளம்பியிருப்பேன். நல்லவரா இருந்ததாலதான் இவ்ளோ நாளாச்சி. வழி வுடுங்க, எல்லாரும் ஏறிட்டாங்க.

— இந்தா, நில்லு. ஒரு நிமிஷம். இந்தா… அருள்மொழி! அருள்மொழி!

— கதைய முழுசா சொல்லாம வுட்டுட்டீங்க. அவ பின்வாசல தாண்டறப்ப இன்னா நடக்கும்?

— உள்ளருந்து ஒரு குரல்… மொதமொறையா பேரு சொல்லிக் கூப்புடும்.

— மூணு பாகத்துலயும் அது ஒண்ணத்தான் சரியா கண்டுபுடிச்சீங்க. பாக்குறவங்களுக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?

— எவ்ளோ ஆசையா கூப்புட்டாலும் திரும்பிடாதீங்க… திரும்புனா மறுபடியும் அடுப்பங்கரையிலருந்துதான் ஆரம்பிக்கும்னு சொன்னேன்.