மூணு பாய், ஆறு பேர்

சமையல்காரம்மா: அதான் சொல்லிட்டேனே சார், ஏழு பேருன்னு. என்னையும் சேர்த்துத்தான். மறுபடி மறுபடி கேட்டா கூடிடுமா?

கணக்கெடுப்புக்காரர்: இல்லம்மா, சரிபார்த்துக்கறேன், அவ்வளவுதான். ஆம்பளைங்க ஆறு, பொம்பளை நீங்க ஒருத்தர்.

சமையல்காரம்மா: ஆமா.

கணக்கெடுப்புக்காரர்: குழந்தைங்க?

சமையல்காரம்மா: தெருக்கோடியில இருந்து நடந்துதானே வந்தீங்க. எங்கயாவது ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டுதா?

கணக்கெடுப்புக்காரர்: கேக்கல. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஒரு குழந்தை இல்ல, ஒரு கிழவர் இல்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் இருபதுக்கு மேல, நாப்பதுக்குக் கீழ.

சமையல்காரம்மா: நாப்பதுக்கு மேல இங்க எவன் இருப்பான்? கல்லுத்தூளு நெஞ்சுல போய் உக்காந்து இருமல் வந்ததும் மூட்டையைக் கட்டிடுவாங்க. பொம்பளைன்னா நான் ஒருத்தி, முக்குல டீ விக்கிறவ ஒருத்தி. அதையும் எழுதிக்குங்க.

கணக்கெடுப்புக்காரர்: வீட்டுத் தலைவர் யாரு?

சமையல்காரம்மா: வாடகை குடுக்கறது மேஸ்திரி. சோறு போடறது நான். தலைவர்னு யாரும் கெடையாது.

கணக்கெடுப்புக்காரர்: அப்ப உங்க பேரைப் போடறேன்.

சமையல்காரம்மா: போடுங்க. எதுலயாவது தலைவியா இருந்துட்டுப் போறேன்.

கணக்கெடுப்புக்காரர்: இவங்க ஆறு பேரும் உங்களுக்கு என்ன உறவு?

சமையல்காரம்மா: ஒரு உறவும் இல்ல. ஆக்கிப் போடறேன், தின்னுட்டுப் போறாங்க.

கணக்கெடுப்புக்காரர்: எல்லாருக்கும் கிரஷர்லதான் வேலையா?

சமையல்காரம்மா: கல்லு உடைக்கறதை விட்டா இங்க வேற என்ன இருக்கு? மூணு பேரு பகல் ஷிப்டு, மூணு பேரு ராத்திரி ஷிப்டு. பாயும் மூணுதான். அவன் எந்திரிச்சா இவன் படுப்பான். பாய் சூடே ஆறாது.

நெட்டை: தலகாணியும்தான். எவன் தலை எண்ணெய்னே தெரியாம என் காதுல ஒட்டிக்கிட்டு வருது.

சமையல்காரம்மா: நீ தூங்குடா நெட்டை. விடிய விடிய மெஷின்ல நின்னுட்டு வந்து, வாசல்ல படுத்துக்கிட்டு வாய் பேசற.

நெட்டை: யாருக்கா இது? பையி, பேனா எல்லாம் பலமா இருக்கு.

சமையல்காரம்மா: ஜனத்தொகை எண்ண வந்திருக்காராம்.

நெட்டை: போன வாரம் கொசு மருந்து அடிக்க வந்தானே... அவனுக்கு இவரு சொந்தமா?

கணக்கெடுப்புக்காரர்: யாரு வந்தது?

சமையல்காரம்மா: வந்தான் ஒருத்தன். கையில மருந்தும் இல்ல, அடிக்கிற மெஷினும் இல்ல. வாசல்ல கெடந்த செருப்பை எண்ணினான். பாயைத் தூக்கிப் பார்த்தான். கக்கூஸ் கதவைத் தட்டாம திறந்தான்.

நெட்டை: உள்ள நான் இருந்தேன். என்னைப் பார்த்துட்டு கொசு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

சமையல்காரம்மா: சாயங்காலம் பார்த்தா கான்டிராக்டரோட ஜீப்புல முன் சீட்டுல உக்காந்து போறான். அதனாலதான் சார்... அந்த அடையாள அட்டையை இன்னொரு தடவை காட்டுங்க.

கணக்கெடுப்புக்காரர்: தாராளமா பாருங்க. போட்டோ இருக்கு, சீல் இருக்கு.

நெட்டை: போட்டோவுல மீசை இருக்கே.

கணக்கெடுப்புக்காரர்: எடுத்துட்டேன்.

நெட்டை: எதுக்கு?

கணக்கெடுப்புக்காரர்: மீசை எடுக்கறதுக்குக் கூட உங்க கான்டிராக்டரைக் கேக்கணுமா?

நெட்டை: ஆளு லேசுப்பட்டவர் இல்லக்கா. பார்த்துப் பேசு.

கணக்கெடுப்புக்காரர்: உடம்புல குறை யாருக்காவது இருக்கா? கண்ணு, காது, கை, கால்...

சமையல்காரம்மா: இருங்க, அடுப்பைத் தணிச்சுட்டு வரேன்.

கணக்கெடுப்புக்காரர்: அம்மா?

சமையல்காரம்மா: இல்ல. எல்லாரும் முழுசாத்தான் இருக்காங்க.

கணக்கெடுப்புக்காரர்: ம்... நெட்டை, நீங்க ராத்திரி ஷிப்டு. அப்படித்தானே?

நெட்டை: கண்ணைப் பார்த்தா தெரியலையா?

கணக்கெடுப்புக்காரர்: பகல் ஷிப்டு மூணு பேரும் வேலைக்குப் போயாச்சு. அப்ப இந்த நேரத்துல மூணு பாயும் உங்க மூணு பேருக்குத்தானே. நீங்க ஏன் வெறுந்தரையில படுத்திருக்கீங்க?

நெட்டை: முதுகுக்கு நல்லதுன்னு சொன்னாங்க.

கணக்கெடுப்புக்காரர்: யாரு சொன்னா?

நெட்டை: முதுகுதான்.

சமையல்காரம்மா: உள்ள ஒரே புழுக்கம் சார். காத்துக்காக வாசல்ல வந்து உருளுவான். இதெல்லாம் உங்க படிவத்துல கேட்டிருக்கா?

கணக்கெடுப்புக்காரர்: இல்ல.

சமையல்காரம்மா: கேக்காததை நீங்க ஏன் கேக்கறீங்க?

கணக்கெடுப்புக்காரர்: தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கீங்க. பக்கத்துல ஒரு ஸ்பூன் கெடக்கு.

சமையல்காரம்மா: ஸ்பூன் வெச்சிருந்தா குத்தமா?

கணக்கெடுப்புக்காரர்: குத்தம் இல்ல. கல்லு உடைக்கிறவங்க வீட்டுல ஸ்பூன்ல சாப்பிடறது யாருன்னு...

சமையல்காரம்மா: நான்தான். பெரிய வீட்டுல சமைச்சுப் பழகினவ.

நெட்டை: ஆமா சார். அக்கா தண்ணியைக் கூட ஸ்பூன்லதான் குடிக்கும்.

சமையல்காரம்மா: நீ வாயை மூடு. சார், நீங்க எண்ண வந்தது ஆளையா, தட்டையா? ஏழு பேரு. எழுதியாச்சுல்ல? கெளம்புங்க. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு.

கணக்கெடுப்புக்காரர்: ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். போன மாசம் வரைக்கும் இங்க இன்னொருத்தர் இருந்தாரா? அதிகமா பேச மாட்டார். கன்னத்துல ஒரு தழும்பு இருக்கும்.

சமையல்காரம்மா: நெட்டை, கதவைச் சாத்து.

நெட்டை: இவரை உள்ள வெச்சா, வெளிய தள்ளியா?

சமையல்காரம்மா: உள்ள வெச்சுத்தான். சொல்லுங்க சார், யாரு அனுப்பினது உங்களை?

கணக்கெடுப்புக்காரர்: யாரும் அனுப்பல.

நெட்டை: இந்தா பாருங்க, கான்டிராக்டர் சொல்லிக் குடுத்ததையே நாங்களும் சொல்றோம். ஊமைன்னு ஒருத்தன் இருந்தான். ஓடிட்டான். எங்க போனான், ஏன் போனான், ஒண்ணும் தெரியாது. போய் அவர்கிட்டயே சொல்லுங்க. போதுமா?

கணக்கெடுப்புக்காரர்: ஓடிட்டான்னு உங்ககிட்ட சொன்னாரா? என்கிட்ட வேற மாதிரி சொன்னாரே. அப்படி ஒருத்தன் வேலைக்கே வந்ததில்லைன்னார். வந்தவங்க பேரெல்லாம் வாசிச்சுக் காட்டினார். அதுல அவன் இல்ல.

சமையல்காரம்மா: கான்டிராக்டர்கிட்ட நீங்க எதுக்குப் போனீங்க?

கணக்கெடுப்புக்காரர்: ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது தடவை கிரஷர் கேட்டுலயே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க. திரும்ப இந்தப் பக்கம் வந்தா அடையாளம் தெரியக் கூடாதேன்னுதான் மீசையை எடுத்தேன்.

நெட்டை: அப்ப நெசமா யாரு சார் நீங்க?

கணக்கெடுப்புக்காரர்: நான் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கு. ஜனத்தொகை எடுக்க எங்களைத்தான் அனுப்பறாங்க. இந்தத் தெருவுக்கு வர ஒருத்தரும் ஒத்துக்கல. தூசி, நாய்ன்னு ஆளாளுக்கு ஒரு சாக்கு. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். வீடு வீடா உள்ள நுழையறதுக்கு எனக்கு வேற வழி தெரியல. எல்லாரும் உங்களை மாதிரியேதான் பேசறாங்க. அவன் பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்தறாங்க. உங்க வீட்டுலதான் ஒரு பாய் கணக்குல இடிச்சுது.

சமையல்காரம்மா: அவன் உங்களுக்கு என்ன வேணும்?

கணக்கெடுப்புக்காரர்: தம்பி. கூடப் பொறந்தவன்.

சமையல்காரம்மா: அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தக் கொசு மருந்துக்காரன் ரெண்டாவது தடவை வந்தப்ப தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு வந்தான். கண்ணுல தண்ணி கூட விட்டான்.

நெட்டை: நல்லாவே அழுதான்க்கா. எனக்கே பாவமாயிடுச்சு.

கணக்கெடுப்புக்காரர்: நான் என்ன சொன்னா நம்புவீங்க?

சமையல்காரம்மா: வீட்டுல அவனை என்னன்னு கூப்பிடுவீங்க? நெசப் பேரைச் சொல்லாதீங்க. அது மேஸ்திரிக்கே தெரியும்.

கணக்கெடுப்புக்காரர்: வாலு.

சமையல்காரம்மா: ஏன் அப்படி?

கணக்கெடுப்புக்காரர்: நான் எங்க போனாலும் என் பின்னாடியே வருவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், நடந்துக்கிட்டே 'வாலு வந்துட்டியா'ன்னு கேப்பேன். 'வந்துட்டேன்'னு குரல் வரும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டான்.

நெட்டை: அக்கா...

சமையல்காரம்மா: கேட்டுதுடா.

நெட்டை: ஜுரத்துல அதைத்தானேக்கா விடாம சொல்லிக்கிட்டுக் கெடந்தான். வாலு வந்துட்டேன், வாலு வந்துட்டேன்னு. நான் ஏதோ வளர்த்த நாயைத் தேடறான்னு நெனச்சேன்.

கணக்கெடுப்புக்காரர்: ஜுரமா? எப்ப? இப்ப எங்க இருக்கான்?

சமையல்காரம்மா: உக்காருங்க தம்பி. சத்தம் வேண்டாம், சுவரு மெல்லிசு. தொழிலாளர் ஆபீசுக்கு மனு போட்டிருக்கோம். அவங்க விசாரணைக்கு வர்ற வரைக்கும் பொத்தி வெச்சிருக்கோம். கொசு மருந்துக்காரன் வந்தப்ப கக்கூஸ்ல நெட்டை முதுகுக்குப் பின்னாடிதான் நின்னான். அதுக்குள்ள கான்டிராக்டர் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டா, அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லைன்னு ஆயிடும்.

நெட்டை: அவரு பங்குக்கு ஏற்கெனவே ஆக்கிட்டாரே. மறுநாள் காலையிலயே கிரஷர் மெஷின் பெல்ட்டுக்கு இரும்பு மூடி போட்டுட்டாங்க சார். எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கேட்டோம். ஒரே ராத்திரியில போட்டு, பெயின்டும் அடிச்சுட்டாங்க.

கணக்கெடுப்புக்காரர்: பெல்ட்டா? பெல்ட்டுக்கும் அவனுக்கும் என்ன?

சமையல்காரம்மா: அது இருக்கட்டும். மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க எழுதறதை யாரு பார்ப்பா? கான்டிராக்டர் கேட்டா காட்டுவீங்களா?

கணக்கெடுப்புக்காரர்: யாரு கேட்டாலும் காட்டக் கூடாது. நேரா மேல போயிடும்.

நெட்டை: மேலன்னா யாரு? அங்கயும் அவரு ஆளு ஒருத்தன் உக்காந்திருந்தா?

கணக்கெடுப்புக்காரர்: இருக்கலாம். இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா எழுதினா எழுதினதுதான். இந்த வீட்டுல, இந்தத் தேதியில, இந்த ஆளு உயிரோட இருந்தான்னு அரசாங்கமே சொன்ன மாதிரி. அப்புறம் எவனும் வந்ததே இல்லைன்னு சொல்ல முடியாது.

நெட்டை: வேண்டாம்க்கா. இத்தனை நாள் காப்பாத்தியாச்சு. ஏழுன்னே இருக்கட்டும்.

சமையல்காரம்மா: ஏழு, ஏழு... வர்றவன்கிட்ட எல்லாம் அதையேதானேடா சொல்லிக்கிட்டு இருக்கேன். யோசிச்சுப் பாரு. அவன் இல்லைன்னு அந்தாளு சொல்றான். நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நெட்டை: நீ சொல்றது வேறக்கா.

சமையல்காரம்மா: உள்ள படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்டா.

கணக்கெடுப்புக்காரர்: உள்ளயா... அக்கா, அவன் உள்ளயா இருக்கான்? இவ்வளவு நேரமா என் குரல் கேட்டிருக்குமே. ஏன் வெளிய வரல?

சமையல்காரம்மா: கேட்டிருக்கும். அதான் வரல. எட்டுன்னு திருத்தி எழுதிட்டு உள்ள போங்க தம்பி. சுவரோரம், கடைசிப் பாய். ஸ்பூன்ல சாப்பிடறதை யாரும் பார்க்கக் கூடாதுன்னு நெனைக்கிறவன், நின்னு வேடிக்கை பார்க்காதீங்க... கையைப் பிடிக்கறதுன்னா இடது கையைப் பிடிங்க.